பன்னிரண்டாம் பாடலுக்குப் பிறகு

இந்தப் பாடல்களை நான் முதன்முதலாகக் கேட்டது உறையில்லாத ஒரு நகல் சிடியில். கல்லூரி விடுதியில் பக்கத்து அறையில் இருந்த அண்ணன், படிப்பை முடித்து ஊருக்குப் புறப்படும்போது என்னிடம் விட்டுச் சென்றது. அதன்மேல் நீல மார்க்கர் பேனாவால் 'பிக் ஸ்டார்' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். மொத்தம் 24 பாடல்கள். யார் பாடுகிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எதுவும் தெரியாமலே ஒரு மழைக்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஏதோ மாறுகிறது என்பது மட்டும் புரிந்தது. முதல் 12 பாடல்களில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் எழும்பும். கிட்டார்கள் புளி போட்டுத் துலக்கிய பித்தளைபோல் மின்னும். 13ஆம் பாடல் தொடங்கியதும் கிட்டார் கரகரத்துக்கொண்டு வரும், தாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், அறையில் ஆள் குறைந்துவிட்டதுபோல் ஒரு வெறுமை தெரியும்.

உண்மையிலேயே ஆள் குறைந்திருந்தது. அது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 'பிக் ஸ்டார்' என்பது ஒரு ராக் குழுவின் பெயர். அவர்களுடைய இரண்டு தனித்தனி ஆல்பங்களை 1992இல் ஒரே சிடியில் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். என் கைக்கு வந்தது அதன் நகல். முதல் 12 பாடல்கள், 1972இல் வந்த 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'. அடுத்த 12 பாடல்கள், 1974இல் வந்த 'ரேடியோ சிட்டி'. இரண்டுக்கும் நடுவில் கிறிஸ் பெல் என்பவர் குழுவைவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டாம் பாடலுக்கும் பதின்மூன்றாம் பாடலுக்கும் இடையே உள்ள இரண்டு விநாடி மௌனத்தில் ஒரு மனிதர் காணாமல் போயிருக்கிறார். நூறு முறை கேட்டும் அது எனக்கு உறைக்கவில்லை. அந்த முதல் ஆல்பத்தைப் பற்றியும் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மெம்ஃபிஸ், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். எல்விஸ் பிரெஸ்லியின் ஊர். ஓடிஸ் ரெடிங்கும் ஐசக் ஹேஸும் பாடிய ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஊர். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கேதான். கறுப்பின மக்களின் சோல் இசைக்குத் தலைநகரம் என்று சொல்லத்தக்க அந்த ஊரில், 1960களின் இறுதியில் சில வெள்ளைக்கார இளைஞர்கள் இங்கிலாந்துப் பாட்டுகளின் பித்துப் பிடித்துத் திரிந்தார்கள். அவர்களில் கிறிஸ் பெல்லுக்கு அந்தப் பித்து எல்லாரையும்விட முற்றியிருந்தது. பீட்டில்ஸ் கேட்டு, தி ஹூ கேட்டு, அந்த ஒலியைத் தானும் உண்டாக்கிவிட வேண்டும் என்ற தவிப்பு.

அவருக்குக் கிடைத்த பெரிய வரம் ஜான் ஃப்ரை. ஆர்டென்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தி வந்தவர். ஒலியின் துல்லியத்தில் சமரசமே இல்லாதவர். ஃப்ரை ஊர்ப் பையன்களுக்கு ஒலிப்பதிவு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கூடத்தின் சாவியையே அவர்களிடம் கொடுத்தார். பகலில் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்களுக்கான பதிவு நடக்கும். இரவில் இந்தப் பிள்ளைகள் உள்ளே போய் விடியும்வரை நாடாவும் மைக்குமாகக் கிடப்பார்கள். மணிக்கணக்குப் பார்த்துக் கட்டணம் கேட்கும் கூடமாக இருந்திருந்தால் இந்த ஆல்பம் பிறந்தே இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொரு இணைக்குரலையும் மறுபடி மறுபடி பாடி அடுக்குவதற்கு முதலில் வேண்டியது நேரம். ஃப்ரை அவர்களுக்குக் கொடுத்தது அதைத்தான்.

அலெக்ஸ் சில்டன் இந்தக் கதைக்குள் வருவது வேறொரு வாசல் வழியாக. அவர் அதே ஊர்க்காரர், ஏறக்குறைய அதே வயது. ஆனால் ஏற்கெனவே நாடறிந்த பாடகர். 1967இல், 16 வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' நான்கு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு. அதில் ஒலிப்பது நாற்பது வயது ஆளின் தொண்டை என்றுதான் யாருக்கும் தோன்றும். தயாரிப்பாளர்கள் கேட்ட கரகரப்பை அவர் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் அதையே பாடினார். தன் பாட்டு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாமல் 1970இல் வெளியே வந்தார். தன்னோடு இருவர் குழுவாகச் சேரும்படி பெல்லைத்தான் முதலில் அழைத்தார். பெல் மறுத்துவிட்டு, 'எங்கள் குழுவுக்கு நீ வா' என்று திருப்பி அழைத்தார். பேஸ் கிட்டாருக்கு ஆண்டி ஹம்மல், டிரம்ஸுக்கு ஜோடி ஸ்டீஃபன்ஸ். நான்கு பேருக்கும் அப்போது இருபதுக்கு முன்பின்தான் வயது.

அவர்கள் வாசித்த இசைக்குப் 'பவர் பாப்' என்று பெயர். அந்தச் சொல்லை 1967இல் முதலில் பயன்படுத்தியவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். கிட்டாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் முழங்க, அதன்மேல் வாய்விட்டு முணுமுணுக்கத்தக்க இனிமையான மெட்டு, கூடவே பாடும் இணைக்குரல்கள், மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். சொல்லிவிடுவது எளிது. முழக்கம் கூடினால் மெட்டு மூழ்கிவிடும். மெட்டு கூடினால் பாயசத்தில் சர்க்கரை ஏறியதுபோல் திகட்டிவிடும். அதோடு 1972இல் இது காலத்துக்கு ஒவ்வாத இசையும்கூட. பீட்டில்ஸ் பிரிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ராக் குழுக்கள் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நீளமாக வாசித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் குறுகத் தறித்த பாட்டுகளைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு நம்பிக்கை வேண்டும்.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஃபீல்'. பெல் தொண்டை கிழியப் பாடுகிறார். காதல் கசந்த ஒருவனின் கதறல் அது. ஆனால் பின்னால் குரல்கள் தேவாலயப் பாடகர்கள்போல் எழுகின்றன. நடுவில் திடீரென்று சாக்ஸஃபோன்கள் நுழையும்போது, 'ஆமாம், இது மெம்ஃபிஸ்' என்று காது தானாகச் சொல்லிக்கொள்ளும். அடுத்தது சில்டனின் 'தி பேலட் ஆஃப் எல் கூடோ'. வியட்நாம் போர்க்கால அமெரிக்காவில், தன்னைப் பிடித்திழுக்கும் எல்லாவற்றுக்கும் எதிராக ஓர் இளைஞன் குரல் உயர்த்தாமல் அசையாமல் நிற்கும் பாட்டு. 'தி லெட்டர்' பாடிய ஆளா இது என்று வியப்பாக இருக்கும். கடன் வாங்கிய கரகரப்பை எங்கோ வைத்துவிட்டு, தன் சொந்தத் தொண்டையில், கொஞ்சம் நடுங்கும் உயர்ந்த குரலில் பாடுகிறார். ஒருவர் தன் குரலைக் கண்டடையும் தருணம் நாடாவில் பதிவாவது அரிது. இங்கே அது பதிவாகியிருக்கிறது.

நான்காவது, 'தர்ட்டீன்'. இரண்டு கிட்டார்கள், இரண்டரை நிமிடம், டிரம்ஸ் கிடையாது. ஒரு பையன் ஒரு பெண்ணிடம், பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கூட நடந்து வரலாமா என்று கேட்கிறான். கேட்கவே தயங்குகிறான். பதின்மூன்று வயதைப் பற்றிப் பெரியவர்கள் எழுதும் பாட்டுகளில் எப்போதும் ஒரு கேலியோ ஏக்கமோ கலந்துவிடும். இதில் இரண்டும் இல்லை. அந்த வயதின் தயக்கத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து சில்டன் எழுதியிருக்கிறார். என் மகளுக்கு அந்த வயது வந்தபோது இந்தப் பாட்டை ஒரு மாதம் என்னால் கேட்கவே முடியவில்லை.

பழைய இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு ஆண்டி ஹம்மலுடையது. பெயர் 'தி இந்தியா சாங்'. இந்தியாவுக்குப் போய்க் காட்டுக்குள் ஒரு வெள்ளை மாளிகையில் வாழ வேண்டும் என்று ஆசைப்படும் பாட்டு. மெம்ஃபிஸ் இளைஞன் ஒருவன் ஆங்கிலேயர் காலத்துக் கதைகளிலிருந்து கட்டிக்கொண்ட இந்தியா அது. நமக்குத் தெரிந்த எந்த ஊரும் அதில் இல்லை. ஆல்பத்திலேயே எடை குறைந்த பாட்டும் அதுதான். ஆனாலும் அதை நான் தாண்டிப் போனதில்லை. எங்கோ தொலைவில் தன்னை ஒருவரும் தேடாத ஓரிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. அது எந்த ஊர் இளைஞனுக்கும் உள்ள ஆசைதானே.

இரண்டாம் பக்கத்தில் எனக்கு உயிர், பெல் பாடும் 'ட்ரை அகைன்'. வழுக்கிச் செல்லும் கிட்டார் ஒலியோடு, ஆண்டவனிடம் ஒருவன் தன் தோல்விகளைச் சொல்கிறான். மறுபடி முயல்வேன் என்கிறான். பெல் பிற்காலத்தில் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் போனவர். அதன் முதல் விசும்பல் இங்கேயே கேட்கிறது.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பிக் ஸ்டார்' என்பது ஊரில் இருந்த ஒரு மளிகைக் கடைத் தொடரின் பெயர். கூடத்துக்கு எதிரேயே அதன் கிளை ஒன்று இருந்தது. பெயரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பலகையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். உறைக்காக நியான் விளக்கால் ஓர் ஐந்துமுனை நட்சத்திரத்தைச் செய்து, அதன் நடுவில் 'பிக்' என்று மட்டும் எழுதினார்கள். ஆல்பத்தின் பெயர் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'. பட்டியலில் முதலிடம் பிடிக்கும் இசைத்தட்டு என்று தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். பலர் இதை விளையாட்டு என்றே எழுதுகிறார்கள். பெல் அந்தப் பாட்டுகளில் செலவழித்த இரவுகளை நினைத்துப் பார்த்தால், அவர் மனமார அப்படி நம்பியிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1972இல் ஆல்பம் வெளிவந்தது. விமர்சனங்களும் வந்தன. ஒன்றுகூடச் சோடைபோகவில்லை. இசை வணிகத்தின் வார இதழான 'பில்போர்ட்', இதில் எந்தப் பாட்டை எடுத்தும் தனி இசைத்தட்டாக வெளியிடலாம் என்று எழுதியது. 'கேஷ்பாக்ஸ்' என்ற இன்னொரு இசை வணிக இதழ் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லாம் ஒன்றாகக் கூடிவந்த முக்கியமான இசைத்தட்டு என்று பாராட்டி, முறையாகக் கையாண்டால் உச்சிக்குப் போகும் என்றது.

'முறையாகக் கையாண்டால்.' அந்த ஒரு நிபந்தனைச் சொல்லில்தான் எல்லாம் இருந்தது.

கையாள வேண்டியிருந்தது ஸ்டாக்ஸ். ஸ்டாக்ஸுக்கு வேலை மிஞ்சிய காலங்களில் ஆர்டென்ட் கூடத்தில் பதிவு செய்துகொள்வது உண்டு. அந்த உறவால் ஆர்டென்டின் இசைத்தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பை அது ஏற்றிருந்தது. ஸ்டாக்ஸைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உலகத்தின் மகத்தான இசையைத் தந்த நிறுவனம் அது. அதன் பாதைகள் சோல் இசை விற்கும் கடைகளுக்கும், சோல் இசை ஒலிக்கும் வானொலி நிலையங்களுக்கும் போட்ட பாதைகள். நான்கு வெள்ளைக்காரப் பையன்களின் கிட்டார்ப் பாட்டை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அதன் விற்பனை ஆட்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சில ஊர்களில் வானொலியில் பாட்டு ஒலித்தது. கடையில் தட்டு இல்லை.

அதே ஆண்டில் ஸ்டாக்ஸ், கொலம்பியா நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டது. கேட்டால் நல்ல செய்திபோல் இருக்கும். கொலம்பியா நாடு முழுவதும் கை நீளும் பெரும் நிறுவனம்தானே. ஆனால் ஸ்டாக்ஸ் அதுவரை நம்பியிருந்த சிறு விநியோகஸ்தர்களோடு கொலம்பியா தொடர்பு வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அதன் விளைவு என்ன தெரியுமா? கடைகளில் இருந்த கொஞ்ச நஞ்சம் தட்டுகளும் திரும்ப எடுக்கப்பட்டன. முதலிடத்தைப் பெயராகக் கொண்ட ஆல்பம், வந்த காலத்தில் 10,000 பிரதிகூட விற்கவில்லை.

ஒரு படைப்பு தோற்றது என்றால் மக்கள் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். இந்த ஆல்பத்தை மக்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மேடையில் பாடி முடித்தவனுக்கு ஏச்சு விழுந்தால்கூட அவன் தாங்கிக்கொள்வான். அரங்கத்துக் கதவையே திறக்காமல் விட்டால் அவன் யாரை நொந்துகொள்வது?

கிறிஸ் பெல் தன்னைத்தான் நொந்துகொண்டார். பாராட்டிய விமர்சனங்களும் அவருக்கு ஒரு முள்ளை வைத்திருந்தன. சில்டன் ஏற்கெனவே புகழ்பெற்றவர் என்பதால், எழுதியவர்கள் பலரும் இதைச் சில்டனின் புதிய குழு என்றே எழுதினார்கள். பீட்டில்ஸின் லெனன், மக்கார்ட்னிபோல் 'பெல், சில்டன்' என்று இருவர் பெயரையும் சேர்த்தே பாட்டுகளுக்குக் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த ஒலியைக் கட்டியெழுப்பியதில் பெரும்பங்கு பெல்லுடையது என்று கூட இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். 1972 முடிவதற்குள் அவர் மனம் உடைந்து, குழுவைவிட்டு வெளியேறினார். அந்த இரண்டு விநாடி மௌனம் இதுதான்.

மீதி மூவரும் ஏறக்குறையக் கலைந்துபோன நிலையில், 1973 மே மாதம் ஒரு விசித்திரமான நிகழ்ச்சி நடந்தது. ஆர்டென்டின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜான் கிங், நாடெங்கும் உள்ள ராக் இசை விமர்சகர்களை மெம்ஃபிஸுக்கு அழைத்து ஒரு மாநாடு கூட்டினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். லஃபாயெட்ஸ் என்ற இசையரங்கில் பிக் ஸ்டார் மூன்று பேராக மேடை ஏறியது. கை கட்டி உட்கார்ந்து குறிப்பெடுப்பதே தொழிலாகக் கொண்ட அந்தக் கூட்டம் எழுந்து ஆடியது. அந்த ஒரு இரவின் உற்சாகத்தில்தான் 'ரேடியோ சிட்டி' உருவாயிற்று. அதற்கும் விநியோகத்தில் அதே கதிதான் நேர்ந்தது. 1975 இறுதியில் ஸ்டாக்ஸே திவாலானது.

பிறகு நடந்ததை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978இல் இங்கிலாந்தில் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். பழைய தட்டுகளும் கைக்குக் கைமாறின. 1980களில் கிட்டார் எடுத்த ஒரு தலைமுறை அவற்றைக் கேட்டு வளர்ந்தது. ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழு 1987இல் 'அலெக்ஸ் சில்டன்' என்றே ஒரு பாட்டு போட்டது. ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப், சியாட்டில் பக்கத்து போஸீஸ் என்று வாரிசுகள் பெருகினார்கள். 1998இல் தொடங்கிய 'தட் செவன்டீஸ் ஷோ' தொலைக்காட்சித் தொடருக்கு இந்த ஆல்பத்தின் 'இன் தி ஸ்ட்ரீட்' தலைப்புப் பாடலானது. வேறு குரல்கள் பாடியதுதான். ஆனாலும் 1972இல் கடைகளை எட்டாத மெட்டு கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனது. 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட 500 தலைசிறந்த ஆல்பங்களின் பட்டியலிலும் இதற்கு இடம் கிடைத்தது.

இங்கேதான் மற்றவர்களோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு. இந்தக் கதையை எல்லாரும் நிறைவான கதையாகவே முடிக்கிறார்கள். காலம் நீதி வழங்கிவிட்டது, நல்ல படைப்பு என்றாவது வென்றே தீரும் என்கிறார்கள். யாருக்கு நீதி கிடைத்தது? குழுவைவிட்டுப் போன பெல், தன் அண்ணன் டேவிட்டோடு ஐரோப்பா போனார். ஃபிரான்ஸில் ஒலிப்பதிவு செய்தார். பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக், பெல் தன் இளமையெல்லாம் தொழுத அந்த ஒலியை உண்டாக்கிய மனிதர், லண்டனில் அவருடைய பாட்டுகளை மெருகேற்றிக் கொடுத்தார். அப்படியும் எந்தப் பெரிய நிறுவனமும் அவற்றை வாங்கவில்லை. மெம்ஃபிஸுக்குத் திரும்பி, குடும்பத்தின் உணவகத் தொழிலில் வேலை பார்த்தார். 1978இல் ஒரு சிறு நிறுவனம் அவருடைய 'ஐ ஆம் தி காஸ்மாஸ்' பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று பின்னிரவில் கார் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி இறந்தார். வயது 27. அவருடைய பாட்டுகள் முழு ஆல்பமாக வந்தது 1992இல். வாரிசுகளையும் பட்டியல்களையும் அவர் பார்க்கவே இல்லை.

சில்டனாவது பார்த்தார். 1980களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் உணவகங்களில் பாத்திரம் கழுவிய மனிதர், 1993இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பிக் ஸ்டார் என்ற பெயரிலேயே மறுபடி மேடை ஏறினார். 2010 மார்ச் 17 அன்று, ஆஸ்டின் நகர நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு, இறந்துபோனார். அந்த நிகழ்ச்சி அஞ்சலியாக நடந்தது. விமானத் தொழிலில் பொறியாளராக வாழ்ந்த ஹம்மலும் அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார். ஜான் ஃப்ரை 2014இல் போனார். குழுவின் நால்வரில் இன்று இருப்பவர் ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஒருவர்தான்.

பெல்லின் அந்தத் தனித்தட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு: 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்'. அடங்கிய குரலில் ஒரு காதல் பாட்டு. அதில் பெல்லுக்குப் பின்னால் இன்னொரு குரல் மெல்லச் சேர்கிறது. அது சில்டனுடையது. பிரிந்துபோன பிறகு, விளம்பரமோ குழுவின் பெயரோ எதுவும் இல்லாத இடத்தில், நண்பனின் பாட்டுக்குத் துணையாக வந்து பாடியிருக்கிறார். அது தெரிந்த நாளில் அந்தப் பழைய நகல் சிடியை மறுபடி எடுத்தேன். பன்னிரண்டாம் பாட்டு ஒரு நிமிடம்தான் ஓடும். 'எஸ்டி 100/6' என்று பாட்டுக்குச் சம்பந்தமில்லாத பெயர். பெல்லும் சில்டனும் சேர்ந்தே பாடுகிறார்கள். எது யார் குரல் என்று பிரிக்க முடியாதபடி அவ்வளவு நெருக்கம். பாட்டு முடிந்ததும், பதின்மூன்றாவது தொடங்குவதற்குள், எழுந்துபோய் நிறுத்தினேன்.